நமக்காகச் சொல்வார் யார்?

மத்திய அரசு அலுவலகங்களின் பணியாளர் பிரிவில் அமர்ந்திருப்போரிடம் நாள்தோறும் வந்து சேரும் தாள்களுள் வாரிசு நியமனப் படிவமும் ஒன்று. பணிக்கொடைக்கு ஒன்று, குழுக் காப்பீட்டுக்கு ஒன்று, ஓய்வூதியக் கணக்குக்கு ஒன்று என ஒருவரே மூன்று நான்கு படிவங்கள் எழுதித் தர வேண்டும். எழுதாதவர்க்கு நினைவூட்டு அனுப்புவதும், எழுதித் தந்ததைப் பணிப்பதிவேட்டில் சேர்ப்பதும் எங்கள் அன்றாடத் தொழில். தாம் இறந்தபின் தம் பணம் யாரைச் சேர வேண்டும் என்னும் வினாவுக்கு ஒவ்வோர் ஊழியரும் விடை எழுதி வைத்துவிட வேண்டும் என்பதில் அரசு கண்ணும் கருத்துமாக இருக்கிறது.

ஆனால் இப்படிவங்கள் யாவும் ஒருவர் இறந்த பிறகு நடப்பதைப் பற்றியவை. இறப்பதற்கு முன், உயிர் இருந்தும் உணர்வின்றிக் கிடக்கும் நாள்களில், அவர் சார்பில் ‘இதைச் செய்யுங்கள், இதை வேண்டா’ எனச் சொல்ல வேண்டியவர் யார்? அதற்கு எங்கள் அலமாரியில் படிவம் எதுவும் இல்லை. ஆண்டுக்கணக்காகப் பிறர் படிவங்களைச் சரிபார்த்து வந்த எங்களுக்கு, 2019ஆம் ஆண்டுப் பங்குனி மாதம் வரை அவ்வினா தோன்றவும் இல்லை.

தில்லியின் குளிர் விட்டு, வெயில் ஏறுவதற்கு முன்னுள்ள அந்த ஒரு மாதத்தில்தான் எங்கள் பெற்றோர் கும்பகோணம் பக்கத்துக் கிராமத்திலிருந்து இங்கு வருவது வழக்கம். தந்தையார் ஓய்வு பெற்ற பள்ளித் தலைமையாசிரியர். எதையும் எழுதி வைக்கும் இயல்பினர். நெல் எத்தனை மூட்டை கண்டது, எந்த நாளில் மழை பெய்தது, பால்காரருக்கு எத்தனை ரூபாய் பாக்கி என்பனவெல்லாம் அவருடைய நீண்ட கணக்கு நோட்டில் சாய்வெழுத்தில் இருக்கும். இராமகிருஷ்ணபுரத்துக் குடியிருப்பில் எங்களோடு தங்கி, மாலைதோறும் மலைமந்திர் வரை நடந்து சென்று திரும்புவார். ஒரு நாள் விடியலில் எழுந்தவர் குளியலறை வாயிலில் விழுந்துவிட்டார். மூளையில் குருதிக் கசிவு என்றார்கள். வயது 79.

மருத்துவமனையின் பெயர் இங்கு வேண்டா. அவர்கள் தங்கள் கடமையைச் செய்தார்கள். அன்று மாலையே வென்டிலேட்டர் எனப்படும் செயற்கைச் சுவாசக் கருவி பொருத்தப்பட்டது. அதற்கு எங்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். அதில் எங்களுக்கு ஐயம் ஏதும் இல்லை. தமையனார் தஞ்சையிலிருந்து சென்னை வந்து, தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுகள் பயணம் செய்து வந்து சேர்ந்தார். தமக்கையார் மும்பையிலிருந்து விமானத்தில் வந்தார். ஒன்பதாம் நாள் நரம்பியல் மருத்துவர் எங்களை அழைத்து, மூளை பெரிதும் சேதமுற்றுவிட்டது என்றும், நினைவு திரும்பும் வாய்ப்பை நம்ப இயலாது என்றும், நெடுநாள் கருவியிலேயே வைப்பதாயின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்த வேண்டும் என்றும் பொறுமையாக எடுத்துரைத்தார். பின்னர் இந்தியில் கேட்டார்: “உங்களுள் முடிவு சொல்பவர் யார்?”

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

தமையனார், “எல்லாம் செய்யுங்கள். செலவைப் பார்க்க வேண்டாம். ஒரு விழுக்காடு வாய்ப்பிருந்தாலும் அப்பாவை விட்டுக்கொடுக்க முடியாது” என்றார். தமக்கையார், “இனியும் அவரை வதைக்காதீர்கள். அவர் ஒருவர் கைபிடித்து நடக்கவே கூச்சப்பட்டவர்” என்று அழுதார். நாங்களோ இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு என்று எண்ணிக்கொண்டு இரண்டுக்கும் நடுவில் நின்றோம். நடுவில் நிற்பதை நடுநிலை என்று அன்று எண்ணினோம். அது அச்சம் என்பது பிறகே விளங்கிற்று.

எங்கள் மூவர் பேச்சும் ஓங்கித் தாழ்ந்துகொண்டிருந்த அந்நாள்களில், தாழ்வாரத்து நாற்காலியில் ஒருவர் வாய் திறவாமல் அமர்ந்திருந்தார். அவர் எங்கள் அன்னையார். அவருக்கு இந்தி தெரியாது. மருத்துவர் சொல்வதை யாரேனும் தமிழில் சொல்வோம்; அதுவும் பாதியைச் சொல்லிப் பாதியை விழுங்குவோம். 54 ஆண்டுகள் உடன் வாழ்ந்தவரிடம் எங்களில் ஒருவரும் கருத்துக் கேட்கவில்லை. பன்னிரண்டாம் நாள், சோற்றுத் தூக்கோடு வந்த இல்லத்தரசிதான் அருகில் அமர்ந்து கேட்டாள்: “அத்தை, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? மாமா என்றைக்காவது ஏதாவது சொல்லியிருக்கிறாரா?”

அன்னையார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “நம் தெருக்கோடித் தமிழாசிரியர் ஆறு மாதம் மூக்கில் குழாயோடு கிடந்தாரே, அவரைப் பார்த்துவிட்டு வந்த அன்று திண்ணையில் உட்கார்ந்து சொன்னார். ‘என்னை அப்படிக் கிடத்தி வைக்காதே. எனக்கு அறிவு போனபின் உடம்பை வைத்துக்கொண்டு என்ன செய்வாய்? போக விடு’ என்றார். நான், ‘வாயை மூடுங்கள், விளக்கு வைக்கும் நேரத்தில் என்ன பேச்சு’ என்று சொல்லிவிட்டேன்.”

இதைக் கேட்ட தமையனார் சினக்கவில்லை, தளர்ந்த குரலில்தான் சொன்னார்: “அம்மா, அது திண்ணைப் பேச்சு. யாருக்கு உடம்பு முடியாமல் போனாலும் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். அதை நம்பி அப்பாவின் மூச்சை நிறுத்தச் சொல்கிறாயா?” அன்னையார் மறுமொழி கூறாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மறுநாள் தொண்டையில் துளையிடுவதற்கான ஒப்புதல் தாளை நீட்டினார்கள். முதல் நாளிலிருந்தே பதிவேட்டில் பொறுப்பாளர் என இருந்தது எங்கள் பெயர்தான். தமையனார் சொன்னார், நாங்கள் கையெழுத்திட்டோம். தந்தையார் பத்தொன்பதாம் நாள் இரவில், குழாயோடும் கருவியோடும், கண்ணாடிக் கதவுக்கு அப்பால் தனியே இயற்கை எய்தினார். எங்களுள் ஒருவரும் அருகில் இல்லை. எதையும் எழுதி வைத்த அவர், எழுதாமல் விட்டது இது ஒன்றுதான்.

பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்து தில்லிக்கு வண்டி ஏறியபோது தமையனாரும் நாங்களும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. நிலத்துக்காகவோ நகைக்காகவோ அன்று. ‘வதைத்தீர்கள்’ என்று தமக்கையார் ஒருமுறை சொன்ன சொல் அவரைத் தைத்தது. அவர் சொல்லுக்கு அடங்கிக் கையெழுத்திட்டோமே என்னும் எண்ணம் எங்களைத் தைத்தது. அன்னையார் எங்களோடு தில்லிக்கே வந்துவிட்டார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தொலைபேசியில் நலம் விசாரிப்பதோடு அண்ணன் தம்பி உறவு நின்றது. அவ்வாறே நான்கு ஆண்டுகள் கழிந்தன.

எழுத்தருக்கு வருத்தம் வந்தால் விதிகளைப் புரட்டுவார். நாங்களும் புரட்டினோம். நாம் பலரும் உண்மை என்று எண்ணிக்கொண்டிருக்கும் சில செய்திகள் தவறானவை என்பது அப்போதுதான் தெரிந்தது.

முதலாவது, பெற்றவர், பிள்ளை, கணவன், மனைவி என்னும் உறவே மருத்துவ முடிவுக்கு உரிமை தந்துவிடும் என்பது நம் எண்ணம். உச்ச நீதிமன்றம் 2008ஆம் ஆண்டு ஜனவரி 16 அன்று தீர்ப்பளித்த வழக்கொன்று இதைத் தெளிவாக்குகிறது. ஆய்வுக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டிருந்த ஒரு பெண்மணிக்கு, அவருடைய தாயாரிடம் மட்டும் இசைவு பெற்று, கருப்பையை அகற்றும் அறுவை நடந்துவிட்டது. அவர் வயது வந்தவர். சற்று நேரத்தில் விழித்தெழக் கூடியவர். உயிருக்கு உடனடி ஆபத்தும் இல்லை. ஆகவே தாயாரின் இசைவு அவருடைய இசைவு ஆகாது என்று நீதிமன்றம் உரைத்தது. தாயே ஆயினும் தன் மகளின் வாயாகிவிட முடியாது என்பது அதன் உட்கிடை.

இரண்டாவது, ‘பவர் பத்திரம்’ எழுதிக் கொடுத்துவிட்டால் போதும் என்பது. ஊரில் உள்ள வீட்டையும் நிலத்தையும் பார்த்துக்கொள்ள வெளியூர்த் தமிழர் பலரும் அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஆனால் 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவின்படி, அதிகாரம் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் அவர் கொடுத்த முகவர் அதிகாரமும் முடிவுறும். அதாவது, எப்போது மிகவும் தேவைப்படுமோ அப்போது அது கையை விரித்துவிடும். நினைவிழந்து கிடப்பவருடைய பணத்தையும் சொத்தையும் எடுத்துச் செலவிட, குடும்பத்தார் உயர் நீதிமன்றத்தின் வாயிலில் நிற்க நேர்கிறது. இத்தகையோர்க்குக் காப்பாளரை நியமிக்க நேரடியான சட்டம் இல்லாமையைக் கண்டு, கேரள உயர் நீதிமன்றம் 2019இல் அதற்கென நெறிமுறைகளை வகுத்தது.

மூன்றாவது, இவற்றுக்கெல்லாம் வழியே இல்லை என்பது. வழி உண்டு, வந்த வழி நீண்டது.

மும்பையில் செவிலியாகப் பணிபுரிந்த அருணா ஷான்பாக் 1973 நவம்பரில் கொடிய தாக்குதலுக்கு உள்ளாகி மூளை பாதிக்கப்பட்டுக் கிடந்தார். அவருக்குக் கொடுக்கப்படும் உணவை நிறுத்திவிட வேண்டும் என்று எழுத்தாளர் ஒருவர் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். அவரைத் தலைமுறை தலைமுறையாகப் பேணிவந்த அதே மருத்துவமனைச் செவிலியரோ, ‘அவர் வாழ வேண்டும், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்றனர். 2011 மார்ச் 7 அன்று வந்த தீர்ப்பு, தகுந்த பாதுகாப்புகளோடு உயிர்காப்புச் சிகிச்சையை விலக்கிக்கொள்வதைக் கொள்கையளவில் ஏற்றது. ஆனால் அருணாவின் சார்பில் பேசும் தகுதி அவரைப் பேணி வந்தவர்களுக்கே உண்டு என்று கூறி அம்மனுவை ஏற்கவில்லை. அவர் 2015 மே 18 அன்று அச்செவிலியர் கையிலேயே மறைந்தார். பெற்றோர் மறைந்துவிட்ட ஒருவருக்கு, சோறூட்டிய கைகளே வாயாயின. இச்செய்தியைப் படித்தபோது, தாழ்வாரத்தில் சோற்றுத் தூக்கோடு நின்று கேட்கப்பட்ட கேள்வி எங்கள் நினைவுக்கு வந்தது.

அதன் பின், ‘காமன் காஸ்’ என்னும் சங்கம் 2005இல் தொடுத்த வழக்கில், ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியலமைப்பு அமர்வு 2018 மார்ச் 9 அன்று தீர்ப்பளித்தது. மாண்போடு இறப்பதும் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு வழங்கும் வாழ்வுரிமையின் பகுதியே என்றும், ஒருவர் நல்ல நினைவோடு இருக்கும்போதே, தாம் நினைவிழந்தால் எச்சிகிச்சை வேண்டா என்பதை எழுதி வைக்கலாம் என்றும், அப்போது தம் சார்பில் இசைவோ மறுப்போ கூறுவதற்கு ஒருவரைக் குறிப்பிடலாம் என்றும் அத்தீர்ப்பு அறிவித்தது. எழுதி வைக்காதவர் திறத்தும், குடும்பத்தார் இசைவோடும் மருத்துவக் குழுக்களின் ஒப்புதலோடும் சிகிச்சையை விலக்க அது வழி கூறியது. எங்கள் தந்தையார் தாழ்வாரத்துக் கண்ணாடிக்கு அப்பால் கிடந்தபோது அத்தீர்ப்பு வந்து ஓராண்டு நிறைந்திருந்தது. எங்களுக்குத் தெரியவில்லை, எங்களுக்கு யாரும் சொல்லவும் இல்லை.

அன்றைய நெறிமுறை கடினமானது. ஆவணத்தில் குற்றவியல் நீதித்துறை நடுவரும் மேலொப்பமிட வேண்டியிருந்தது. நடைமுறைக்கு ஒவ்வாத அதனை 2023 ஜனவரி 24 அன்று உச்ச நீதிமன்றமே எளிதாக்கிற்று. இப்போது 18 வயது நிறைந்து தெளிந்த மனத்தோடு இருக்கும் எவரும் இரு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி ஒருவரிடமோ அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலர் ஒருவரிடமோ சான்று பெற்றால் போதும். ஒருவரைத்தான் குறிக்க வேண்டும் என்பதில்லை. ஒருவருக்கு மேற்பட்டோரையும் குறிக்கலாம். படியொன்றை மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி என நம் உள்ளாட்சி அமைப்பின் உரிய அலுவலரிடம் தர வேண்டும். குடும்ப மருத்துவர் இருப்பின் அவரிடமும் தரலாம். மனம் மாறினால் எப்போது வேண்டுமாயினும் எழுத்து மூலம் நீக்கிக்கொள்ளலாம். ஒன்றுக்கு மேற்பட்டவை இருந்தால் கடைசியாகக் கையெழுத்திட்டதே செல்லும். கருநாடக அரசு 2025 ஜனவரி 30 அன்று இந்நெறிமுறைகளை நடைமுறைப்படுத்தச் சுற்றறிக்கை வெளியிட்டது; பெங்களூரில் வாழும் நம்மவர் இதனை அறிந்திருத்தல் நலம்.

இத்தாளைக் கண்டவுடன் மருத்துவர் கருவியை நிறுத்திவிடுவார் என்று யாரும் அஞ்ச வேண்டா. குணமாக்க இயலாத நிலையில், நோயாளி தாமே முடிவெடுக்க இயலாதபோதுதான் இது பேசத் தொடங்கும். சிகிச்சை அளிக்கும் மருத்துவரும் ஐந்தாண்டு அனுபவமேனும் உடைய இரு வல்லுநரும் சேர்ந்த முதற்குழு ஆராயும். பின்னர் மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலர் குறிக்கும் மருத்துவரும் வேறு இரு வல்லுநரும் கொண்ட இரண்டாம் குழு ஆராயும். ஒவ்வொரு குழுவும் இயன்றவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துக் கூற வேண்டும். நாம் குறித்தவரின் இசைவும் வேண்டும். சிகிச்சையை விலக்குவதற்கு முன் நடுவருக்கும் தெரிவிக்க வேண்டும். நஞ்சூசி இட்டு உயிரைப் போக்குவதற்கு இந்நாட்டில் இன்றும் இடமில்லை, அது குற்றமே. சிகிச்சையை விலக்குவது வேறு, நோயாளியைக் கைவிடுவது வேறு. வலி தணிப்பதும், வாய் உலராமல் நனைப்பதும், உடம்பைத் துடைத்து விடுவதும் இறுதி மூச்சு வரை தொடர வேண்டியவை. மனநோய்ச் சிகிச்சைக்கு வேறு சட்டம் உண்டு. 2017ஆம் ஆண்டு மனநல மருத்துவச் சட்டத்தின்படி அதற்கென முன்விருப்பத்தைத் தனியே எழுதலாம். சார்பாளர் ஒருவரையும் தனியே நியமிக்கலாம்.

இவ்வளவும் படித்தறிந்த பிறகு 2024இல் நாங்கள் இருவரும் எங்களுக்கென எழுத அமர்ந்தோம். சிகிச்சைகளை வரிசைப்படுத்துவது எளிதாக இருந்தது. மீட்சிக்கு வழியில்லை என்று ஆகிவிட்டால் சுவாசக் கருவி, இதயம் நின்றபின் மார்பை அழுத்தி மீட்டல், டயாலிசிஸ், குழாய் வழி உணவு இவற்றுள் எவை வேண்டும், எவை வேண்டா என்று ஒவ்வொன்றாகத் தெளிவாக எழுதினோம். தெளிவில்லாமல் எழுதினால் மருத்துவக் குழு அதை ஏற்காமல் போகலாம். ‘வீணாக வதைக்க வேண்டா’ என்பது போன்ற சொற்கள் ஒவ்வொருவர் காதிலும் ஒவ்வொரு பொருளைத் தரும்.

பெயரை எழுதும் இடத்தில்தான் பேனா நின்றது. முதற்பெயராக ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டோம். இருவரும் ஒரே விபத்தில் வீழ்ந்தால்? இரண்டாம் பெயர் வேண்டும். மகளுக்கு 20 வயது, சட்டப்படி தடையில்லை. ஆனால் அந்தச் சுமையை அவள் தலையில் இப்போதே ஏற்ற மனம் வரவில்லை. இல்லத்தரசி தன் தம்பியைச் சொன்னாள்; அவர் கோவையில் இருக்கிறார்; மருத்துவமனை வாசனையே அவருக்கு ஆகாது. தமக்கையார் அன்புடையவர், ஆனால் நோயாளியின் முனகலைக் கேட்டால் முதல் நாளே ‘போதும்’ என்று சொல்லிவிடக் கூடியவர்.

அவ்வாறு பெயர்களை அடித்து அடித்து எழுதியபோதுதான் ஒன்று புலப்பட்டது. இப்பொறுப்புக்கு நம்மிடம் அதிக அன்புடையவரைத் தேட வேண்டியதில்லை. தம் விருப்பத்தை ஒதுக்கி நம் விருப்பத்தைச் சொல்ல வல்லவரைத் தேட வேண்டும். அழைத்தால் வரக்கூடியவராகவும், மருத்துவரிடம் கேள்வி கேட்கத் தயங்காதவராகவும், சுற்றத்தார் பழிச்சொல்லைத் தாங்கக் கூடியவராகவும் அவர் இருக்க வேண்டும். இப்படி எண்ணிப் பார்த்தபோது எங்கள் இருவர் வாயிலும் ஒரே பெயர் வந்தது. அது தமையனாரின் பெயர்.

எளிதில் விட்டுக்கொடுக்காதவர் அவர். அவரே ‘போதும்’ என்று சொன்னால் அது உண்மையிலேயே போதுமானதாகத்தான் இருக்கும். மேலும், 35 ஆண்டுகள் வங்கியில் பணிபுரிந்தவர். கையெழுத்துக்கும் எழுத்துக்கும் கட்டுப்பட்டே பழகியவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தொலைபேசியில் அழைத்து, செய்தியைச் சொல்லி, ஆவணத்தை முழுதும் படித்துக் காட்டினோம். மறுமுனையில் நெடுநேரம் ஓசையே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று எண்ணினோம். பிறகு குரல் வந்தது.

“எழுது, தம்பி. எழுதியதை நான் மீற மாட்டேன். அன்றைக்கும் அப்பா கையால் ஒரு வரி எழுதியிருந்தால் மீறியிருக்க மாட்டேன்.”

சற்றுப் பொறுத்து, “அந்தக் கையெழுத்தை உன்னைப் போட வைத்தது நான்தான். அது எனக்குத் தெரியும்” என்றார்.

நான்கு ஆண்டுகளாக நாங்கள் அவர் மேல் ஏற்றி வைத்திருந்த பழியின் பாதி அந்த ஒரு சொல்லில் இறங்கிற்று. மறுபாதி எங்களுடையது. திண்ணையில் சொல்லப்பட்ட சொல்லைக் கேட்ட பிறகும் பேனாவைப் பிடித்தது எங்கள் கைதானே? அதையும் அன்று அவரிடம் சொன்னோம்.

மேல்மாடியில் குடியிருக்கும் வங்காள அன்பர் ஒருவரும், பக்கத்து வீட்டு மலையாள ஆசிரியை ஒருவரும் சாட்சிக் கையெழுத்திட்டனர். உறவும் ஆதாயமும் இல்லாத சாட்சிகளே நல்லவர்கள். சான்றொப்பத்துக்கு அலுவலகத்திலேயே பிரிவு அலுவலரிடம் சென்றோம். பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல்களில் எத்தனையோ முறை முத்திரையிட்டவர், இத்தாளைப் படித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “யாரேனும் வற்புறுத்தினார்களா? இருவரும் பொருள் புரிந்துதான் எழுதினீர்களா?” என்று தனித்தனியே கேட்டார். கேட்பது அவர் கடமை; ஆவணம் மனமொப்பி எழுதப்பட்டது எனத் தாம் அறிந்து நிறைவுற்ற பின்னரே சான்றளிக்க வேண்டும் என்பது நெறிமுறை. உள்ளாட்சி அலுவலகத்தில் முகப்புக் கடிதத்தோடு ஒரு படியைக் கொடுத்து, எங்கள் படியில் தேதி முத்திரை பெற்றுக்கொண்டோம். எழுத்தர் தொழில் கற்றுத் தந்த பழக்கம் அது. குறிக்கப்பட்டவருக்கு மட்டுமன்றி, குறிக்கப்படாத உறவினர் அனைவருக்கும் ஒரே நாளில் செய்தியைச் சொன்னோம். ‘எனக்குத் தெரியாதே’ என்று ஒருவர் தாழ்வாரத்தில் சொல்லும்படி விட்டால் எழுதியதன் பயன் பாதியாகிவிடும்.

இவ்வளவும் நடக்கையில் அன்னையார் கூடத்தில் அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அமங்கலப் பேச்சென்று வருந்துவாரோ என்று அஞ்சினோம். ஒரு வாரம் கழித்து அவரே கேட்டார்: “எனக்கும் அந்தத் தாளில் எழுதித் தருவாயா?”

அவருக்காக ஒரு பக்கம் தமிழிலும் எதிர்ப்பக்கம் ஆங்கிலத்திலும் எழுதினோம். தில்லி மருத்துவருக்கும் புரிய வேண்டும், கையெழுத்திடும் அவருக்கும் புரிய வேண்டும். தமிழ் அறிந்த அரசிதழ்ப் பதிவு அலுவலர் ஒருவரை, சங்கத்து அன்பர் மூலம் தேடிக் கண்டோம். ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டியபோது அன்னையார் தலையசைத்துக்கொண்டே வந்தார். பெயர் எழுதும் இடம் வந்தது. பிள்ளைகள் மூவரில் யார் பெயரைச் சொல்வாரோ என்று உள்ளம் படபடத்தது. மற்ற இருவர் வருந்துவரே என்றும் தோன்றிற்று.

“மருமகள் பெயரைப் போடு” என்றார்.

நாங்கள் வியந்து நோக்கினோம். அன்னையார் தயங்காமல் சொன்னார்: “நீங்கள் மூன்று பேரும் என்மேல் உயிரை வைத்திருக்கிறீர்கள். அதனால் சண்டை போடுவீர்கள். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் என்னிடம் வந்து, நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டவள் இவள் ஒருத்திதான். நாளைக்கு நான் பேச முடியாமல் கிடந்தாலும், நான் என்ன நினைத்தேன் என்றுதான் இவள் யோசிப்பாள்.”

இல்லத்தரசி எழுந்து அடுக்களைக்குள் சென்றுவிட்டாள். சற்று நேரம் குழாயில் நீர் விழும் ஓசை மட்டுமே கேட்டது.

இம்மலரைப் படிக்கும் குடும்பங்களுள் பலவற்றுக்கு ஊர் ஓரிடத்திலும், வேலை ஓரிடத்திலும், பிள்ளைகள் வேறோரிடத்திலும் உள்ளன. நெருக்கடி நேரும்போது நம்மவர் ஒருவர் வந்து சேர இரண்டு இரவுகள் ஆகலாம். வந்தபின் பேசும் மொழி வேறாகலாம். ஊரில் இருந்தால் திண்ணையில் சொன்னதைக் கேட்டவர் நால்வர் இருப்பர். அயலூரில் நம் சொல்லுக்கு நாமே எழுத்து வடிவம் தந்துவிட்டுச் செல்ல வேண்டியிருக்கிறது. ஆயுள் காப்புப் பத்திரத்தை எழுதுவதை யாரும் அமங்கலம் என்பதில்லை. இதுவும் அத்தகையதே. காப்புப் பத்திரம் பிள்ளைகளுக்குப் பணத்தைத் தருகிறது; இது அவர்களுக்குப் பழியிலிருந்து விடுதலை தருகிறது.

அன்னையாரின் ஆவணத்தின் ஒரு படியை, கும்பகோணத்திலிருந்து எடுத்து வந்த தந்தையாரின் பழைய கணக்கு நோட்டுக்குள் வைத்திருக்கிறோம். அவர் எழுதாமல் விட்ட ஒன்றும் இப்போது அதில் சேர்ந்துவிட்டது.